மாடி அறையின் சூட்டை அளந்து இறக்குவது எப்படி

மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில்தான் என் தையல் மெஷின் இருக்கிறது. அறையின் நீளம் 4 மீட்டர், அகலம் 3, உயரம் 3. வேலையை முடித்து மெஷினுக்கு உறை போடும்போது இரவு ஒன்பது ஆகிவிடும். வெளியே காற்று ஆறிப்போய் நன்றாக இருக்கும். உள்ளே மட்டும் தலைக்கு மேல் யாரோ இஸ்திரிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல இருக்கும். ஜன்னலைத் திறந்து பத்து நிமிடம் ஃபேன் ஓடவிட்டால் கொஞ்சம் தணியும். மூடினால் கால் மணி நேரத்தில் பழைய கதைதான்.

இரண்டு கோடை இப்படியே போனது. சூடான காற்றை வெளியே தள்ளிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது கோடையில்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கை நீங்களும் உங்கள் அறைக்குப் போட்டுப் பாருங்கள், பெருக்கல் தெரிந்தால் போதும்.

என் அறையில் 36 கன மீட்டர் காற்று இருக்கிறது. அதன் எடை சுமார் 42 கிலோ. மேலே இருக்கும் கான்கிரீட் தளத்தின் கனம் 12 சென்டிமீட்டர். கன மீட்டருக்கு 2400 கிலோ என்று வைத்தால் தளத்தின் எடை மூன்றரை டன்னுக்குக் கொஞ்சம்தான் குறைவு. கிலோவுக்குக் கிலோ பார்த்தால் காற்றும் கான்கிரீட்டும் ஒரு டிகிரி ஏறக் கிட்டத்தட்ட ஒரே அளவு சூட்டைத்தான் வாங்கும். ஆனால் 42 கிலோ எங்கே, மூன்றரை டன் எங்கே! தளம் ஒரே ஒரு டிகிரி ஆறும்போது விடுகிற சூடு, அறைக்காற்று முழுவதையும் எழுபது முறை ஒவ்வொரு டிகிரியாக ஏற்றப் போதும். நான் பத்து நிமிடத்தில் வெளியேற்றியது சில்லறையை. முதல் முழுவதும் தலைக்கு மேலே பத்திரமாக இருந்தது.

ஆகவே அறையைக் குளிர்விக்க நினைப்பவர்கள் காற்றை மறந்துவிட்டு, முதலில் தளத்தையும் சுவரையும் பார்க்க வேண்டும். காற்று கடைசியாகத்தான் சூடாகிறது.

முதலில் அளவெடுங்கள்

அளவெடுக்காமல் கத்தரியைத் தொடக்கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். இதற்கும் அதுவேதான். கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கை பொய் சொல்லும். என் மேஜையில் இரவு முழுக்கக் கிடந்த கத்தரியும் மர ஸ்கேலும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கும். தொட்டால் கத்தரி குளுமையாக இருக்கும், ஸ்கேல் அப்படி இருக்காது. இரும்பு மரத்தைவிட நூறு மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும் என்பதால் விரலின் சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொள்கிறது. சூடு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதுதான் கைக்குத் தெரியும், எத்தனை டிகிரி என்பது தெரியாது.

இரண்டு கருவிகள் வேண்டும். சுவரில் மாட்டும் சாதாரண வெப்பமானி ஒன்று, காற்றுக்கு. மேற்பரப்பை நோக்கிப் பிடித்து விசையை அழுத்தினால் டிகிரி காட்டும் துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று. எலக்ட்ரீஷியன்களிடம் இருக்கும், ஒரு வாரத்துக்கு இரவல் வாங்கினாலே போதும். காய்ச்சல் பார்க்கிற துப்பாக்கி இதற்கு உதவாது. அது உடம்பின் வெப்பநிலையை ஒட்டிய சிறு எல்லைக்குள் மட்டும் வேலை செய்யும்படி செய்யப்பட்டது.

மேகமில்லாத ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து காலை 6 மணி, மதியம் 1.30, மாலை 5.30, இரவு 9 என்று குறித்துக்கொண்டே வாருங்கள். மொட்டைமாடித் தரை, அறையின் உட்கூரை, நான்கு சுவர்கள், அறைத் தரை, அறைக்காற்று, வெளியே நிழலில் உள்ள காற்று. வெப்பமானியில் வெயில் படக்கூடாது. பட்டால் அது காற்றின் சூட்டைக் காட்டாது, தன் சொந்தச் சூட்டைக் காட்டும்.

என் நோட்டில் இருந்தது இது. காலை 6 மணிக்கு வெளிக்காற்று 27, மாடித் தரை 26, உட்கூரை 30, அறைக்காற்று 30. மதியம் 1.30க்கு மாடித் தரை 58! அந்த நேரத்தில் உட்கூரை 37தான், அறைக்காற்று 35. மாலை 5.30க்கு வெயில் சாய்ந்து மாடித் தரை 46க்கு இறங்கிவிட்டது. உட்கூரையோ 43க்கு ஏறியிருந்தது, அறைக்காற்று 38. இரவு ஒன்பதுக்கு வெளியே 31, மாடித் தரை 34, உட்கூரை 39, அறைக்காற்று 36.

இந்த எண்களைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். மதிய வெயில் மாலையில்தான் வீட்டுக்குள் வருகிறது. தடித்த கம்பளியின் ஒரு பக்கம் தண்ணீர் ஊற்றினால் மறுபக்கம் ஈரம் தெரிய நேரம் ஆகுமே, அதுபோல. சூடு ஒரு பொருளுக்குள் எப்படி ஊர்ந்து செல்கிறது என்ற கணக்கை ஃபிரான்சின் ஜோசப் ஃபூரியே 1822இல் வெளியிட்டார். அதன்படி போட்டால் 12 சென்டிமீட்டர் கான்கிரீட்டைக் கடக்கப் பகல் வெயிலின் சூட்டலைக்குச் சுமார் 3 மணி நேரம் ஆகும். மேலும் கீழும் சிமென்ட் பூச்சு இருந்ததால் என் தளத்துக்கு 4 ஆனது. உங்கள் தளம் எத்தனை மணி நேரம் தாமதிக்கிறது என்பதை இந்த நோட்டிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். தகரக் கூரைக்கு இந்தத் தாமதமே கிடையாது. வெயில் வந்ததும் கொதிக்கும், போனதும் ஆறும்.

அட்டை சோதனை

மாலை ஆறு மணிக்கு ஃபேனை நிறுத்திவிட்டுக் கூரையைப் பார்த்து மல்லாந்து படுங்கள். ஒரு நிமிடம் கழித்து முகத்துக்கு ஒரு முழ உயரத்தில் ஓர் அட்டையைக் குறுக்கே பிடியுங்கள். முகத்தில் காந்தல் உடனே குறைந்தால் அது காற்று வழியாக வந்த சூடு இல்லை. காற்று அந்த நொடியில் மாறியிருக்காது. கூரையிலிருந்து நேராகக் கதிர்வீச்சாக வந்து இறங்கியதைத்தான் அட்டை மறைத்தது.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. சூடான காற்று மேலே போகும் என்று பள்ளியில் படித்தோம். தரை சூடானால் அதைத் தொடும் காற்று லேசாகி எழும்பும், குளிர்ந்த காற்று கீழே வரும், அறை முழுக்கச் சுழற்சி நடக்கும். கூரை சூடானால் அப்படி நடக்காது. அதைத் தொடும் காற்று ஏற்கெனவே உச்சியில்தான் இருக்கிறது, போக இடமில்லை. அங்கேயே ஒரு சூட்டுப் படலமாக ஒட்டிக்கொண்டு நிற்கும். காற்றோ மகா மோசமான கடத்தி. அப்படியானால் கூரையின் சூடு நமக்கு எப்படி வருகிறது? பெரும்பாலும் கதிர்வீச்சாகத்தான். கூரை தரையையும் மேஜையையும் துணிக்கட்டையும் சூடாக்குகிறது, அவை தம்மைத் தொடும் காற்றைச் சூடாக்குகின்றன. மாலையில் என் துணி அடுக்கின் மேல் மடிப்பு மட்டும் வெதுவெதுப்பாக இருப்பதன் காரணம் இதுதான். ஃபேன் போட்டால் உச்சியில் நிற்கும் அந்தப் படலத்தையும் கலக்கிக் கீழே கொண்டுவந்துவிடும். வியர்வை ஆவியாவதால் நமக்கு இதமாக இருக்கும் என்பது வேறு விஷயம். ஃபேன் அறையைக் குளிர்விப்பதில்லை, ஆளைத்தான் குளிர்விக்கிறது. ஆள் இல்லாத அறையில் அதை ஓடவிடாதீர்கள்.

வெயிலை மேலேயே நிறுத்துங்கள்

உச்சிவெயில் சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட். என் இஸ்திரிப் பெட்டியும் 1000 வாட்தான். அதாவது 12 சதுர மீட்டர் தளத்தின் மேல் பன்னிரண்டு இஸ்திரிப் பெட்டிகளைக் கவிழ்த்து வைத்த மாதிரி. பழைய சாம்பல் நிறக் கான்கிரீட் இதில் மூன்றில் இரண்டு பங்கை விழுங்கிக்கொள்ளும், எட்டுப் பெட்டி. புதிதாக வெள்ளை பூசிய தளம் ஐந்தில் ஒரு பங்கு போலத்தான் விழுங்கும், இரண்டு அல்லது மூன்று பெட்டி. செலவுக்குப் பலன் என்று பார்த்தால் வெள்ளைப் பூச்சை மிஞ்ச ஒன்றும் இல்லை.

பூசுமுன் பாசியையும் அழுக்கையும் கம்பித் தூரிகையால் சுரண்டி, கழுவி, விரிசலை அடைத்துவிடுங்கள். முதல் பூச்சு நீர்க்க இருக்கட்டும், காய்ந்தபின் இரண்டாவதைக் குறுக்குவாட்டில் பூசுங்கள். சுண்ணாம்பு மழையில் கரைந்து போகும், வருடா வருடம் அடிக்க வேண்டும். கூரைக்கென்றே வரும் வெள்ளை பெயின்ட் கூடுதலாக உழைக்கும். இரண்டுக்கும் பொதுவான எதிரி தூசி. கோடை தொடங்கும்போது ஒருமுறை தேய்த்துக் கழுவினாலே நல்ல வித்தியாசம் தெரியும். பூச்சுக்குப் பிறகு மதியம் 58 காட்டிய என் மாடித் தரை 45 காட்டியது. மாலையில் உட்கூரை 43லிருந்து 38க்கு வந்தது.

அடுத்தது நிழல்வலை. தரையிலிருந்து இடைவெளி விட்டுக் கட்டுவதுதான் இதில் முக்கியம், ஒரு சாணாவது வேண்டும், ஒரு முழம் இருந்தால் இன்னும் நல்லது. வலை சூடாகும், அடியில் ஓடும் காற்று அந்தச் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். தரையோடு படிய விரித்தால் அந்தச் சூடு அப்படியே தளத்துக்குள் இறங்கும். நான் வலையின் நான்கு ஓரத்திலும் கித்தான் பட்டையை மடித்து இரட்டைத் தையல் போட்டு, ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு உலோகக் கண் வைத்துக் கைப்பிடிச்சுவரில் கட்டினேன். ஓரத்தைத் தைக்காமல் வலையிலேயே கயிற்றைக் கோர்த்துக் கட்டினால் முதல் பலமான காற்றில் கிழிந்துவிடும். இருட்டியதும் வலையைச் சுருட்டிவிடுங்கள். மேகமில்லாத இரவில் தளம் வானத்தை நோக்கிச் சதுர மீட்டருக்கு 50 முதல் 100 வாட் வரை கதிர்வீச்சாக இழக்கும். அதிகாலையில் மாடித் தரை காற்றைவிட ஒரு டிகிரி குறைவாக இருந்ததே, அதற்கு இதுதான் காரணம். வலை அந்த வழியை மறைக்கும்.

கட்டட வேலை செய்யும் என் அண்ணனிடம் தெர்மாகோல் பற்றிக் கேட்டேன். "அறைக்குள்ள கூரையில ஒட்டிறலாமாண்ணே?" என்றேன். "உள்ள ஒட்டினா தீப்பிடிச்சா உருகி உன் தலையிலதான்மா ஒழுகும். போடறதுன்னா மாடிக்கு மேல போடணும்" என்றான். அவன் சொன்னதில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. 5 சென்டிமீட்டர் தெர்மாகோல் சூட்டைத் தடுப்பதில் ஏறக்குறைய 2 மீட்டர் கான்கிரீட்டுக்குச் சமம். அதிலும் வேலை செய்வது பிளாஸ்டிக் இல்லை, நுரைக்குள் நகர முடியாமல் அடைபட்ட காற்று. ரோமமும் இறகும் கதகதப்பாக இருப்பது உள்ளே சிக்கிய காற்றால்தான் என்று விஞ்ஞானி பிரபு ரம்ஃபோர்டு காட்டியது 1790களில். வெப்பம் பற்றிய ஆய்வுகளுக்காக 1792இல் அவருக்கு லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்தின் காப்ளி பதக்கம் கொடுத்தார்கள். அந்தத் தடுப்பு தளத்துக்கு மேலே இருந்தால் மூன்றரை டன் கான்கிரீட்டும் குளிர்ந்தபடி அறையின் பக்கம் நிற்கும். பகலில் உள்ளே உண்டாகும் சூட்டை அது வாங்கிக்கொள்ளும். கீழே ஒட்டினால் தளம் வெயில் பக்கம் போய்விடும். மேலே போடுவதானால் அதன்மேல் நீர்க்காப்பும் ஓடும் வேண்டும், தனியாகச் செய்யக்கூடிய வேலை இல்லை. நான் செய்யவில்லை.

பளபளத் தாளில் நான் ஏமாந்தது

வெள்ளையடிக்கும் முன்பே நான் செய்த வேலை இது. ஒருவர் பேச்சைக் கேட்டு உட்கூரை முழுக்க அலுமினியத் தாள் ஒட்டினேன். மாலையில் துப்பாக்கியைப் பிடித்தால் 34 காட்டியது. ஒன்பது டிகிரி குறைந்துவிட்டது என்று துள்ளிக் குதித்தேன். பிறகுதான் தெரிந்தது, பளபளப்பான பரப்பில் இந்தக் கருவி தரையின் பிரதிபலிப்பைப் படிக்கிறது. தாளின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, அதன்மேல் அளந்தால் 43. கூரை அணுவளவும் குளிரவில்லை.

ஆனாலும் தாள் வீண் என்று சொல்ல மாட்டேன். அட்டை சோதனையில் முகத்துக் காந்தல் நிஜமாகவே குறைந்திருந்தது. சூடாக இருந்தாலும் பளபளப்பான அலுமினியம் அந்தச் சூட்டைக் கதிராக வீசாது. ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஜான் லெஸ்லி 1804இல் ஒரே பாத்திரத்தின் ஒரு பக்கத்தைக் கறுப்பாகவும் ஒரு பக்கத்தைப் பளபளப்பாகவும் வைத்து வெந்நீர் ஊற்றிக் காட்டியது இதைத்தான். கறுப்புப் பக்கம் தாராளமாக வீசியது, பளபளப் பக்கம் சொற்பம்.

பிறகு நான் செய்ததுதான் முட்டாள்தனம். விளக்கு வெளிச்சம் தாளில் பட்டுக் கண்ணைக் கூசுகிறது, ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை என்று தாளின் மேலேயே வெள்ளை பெயின்ட் அடித்தேன். அன்று மாலையே காந்தல் திரும்பிவிட்டது. வெள்ளை பெயின்ட் வெயிலைத் திருப்பும், அதற்காகச் சூட்டைக் கதிராக வீசாது என்று அர்த்தமில்லை. அந்த விஷயத்தில் வெள்ளையும் கறுப்பும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தாள் ஒட்டுவதாக இருந்தால் பளபளப் பக்கம் அறையைப் பார்க்கட்டும், பெயின்ட் வேண்டாம். பூச்சுக்குள் புதைத்தாலும் பயனில்லை. ஒரு பக்கமாவது காற்று இடைவெளியைப் பார்த்தால்தான் அது வேலை செய்யும்.

இரவில் காலி செய்யுங்கள்

வெயில் சாய்ந்தபின் ஒரு வாளித் தண்ணீர் பெரிய வேலை செய்யும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகச் சுமார் 2400 கிலோஜூல் வேண்டும். என் தளம் ஒரு டிகிரி ஆற 3000 கிலோஜூல் போனால் போதும். பத்து லிட்டர் ஆவியாகி, அதற்கான சூட்டில் பாதியையாவது தளத்திலிருந்து எடுத்துக்கொண்டால் நான்கு டிகிரி இறங்கிவிடும். ஆவியாவதுதான் கணக்கு. வழிந்து குழாயில் போகிற தண்ணீரால் பெரிய உபயோகம் இல்லை. ஆகவே கொட்டாதீர்கள், பூவாளியால் மெல்லத் தெளித்து, காய்ந்ததும் மறுபடி தெளியுங்கள். உச்சி வெயிலில் கொதிக்கும் தளத்தில் தெளிக்க வேண்டாம், பூச்சில் விரிசல் விழலாம். ஏற்கெனவே கசியும் தளமாக இருந்தால் இந்தப் பக்கமே வராதீர்கள். காற்றில் ஈரம் அதிகமாக இருந்து துணி காயாத நாட்களில் இதுவும் அவ்வளவாகப் பலிக்காது.

ஜன்னல் விஷயத்தில் ஒரே விதிதான்: வெளிக்காற்று அறைக்காற்றைவிடக் குளிர்ந்திருந்தால் திற, சூடாக இருந்தால் மூடு. எனக்கு இரவு ஏழரை மணிக்குத் திறக்க வேண்டியிருக்கிறது, காலை எட்டரைக்கு மூட வேண்டியிருக்கிறது. ஏன் இரவு முழுக்க என்றால், மறுபடியும் அந்தக் கணக்குதான். தளம் மூன்று டிகிரி ஆற 9000 கிலோஜூல் வெளியேற வேண்டும். மூன்று டிகிரி கூடுதல் சூட்டோடு வெளியேறும் ஒரு கன மீட்டர் காற்று எடுத்துப்போவது மூன்றரை கிலோஜூல்தான். அறைக்காற்று முழுவதும் எழுபது முறைக்கு மேல் மாற வேண்டும்! பத்து நிமிடத்தில் எங்கே நடக்கும்? எக்ஸாஸ்ட் ஃபேனைக் கூரையை ஒட்டிய உயரத்தில் வைத்து, எதிர்ச்சுவரில் தாழ்வான ஜன்னலைத் திறந்துவிடுங்கள். உச்சியில் நிற்கும் சூட்டுப் படலம்தான் முதலில் போகும்.

சூரியன் நேரே அடிக்கும் ஜன்னலுக்குத் திரையை வெளிப்பக்கம் போடுங்கள். கண்ணாடி வழியாக உள்ளே வந்துவிட்ட வெயிலை உள்திரை தடுத்தாலும், அந்தச் சூடு திரையில் தங்கி அறைக்குள்தான் இறங்கும். இஸ்திரி போடுவதை நான் காலை ஆறிலிருந்து எட்டுக்குள் முடித்துவிடுகிறேன். ஜன்னல் திறந்திருக்கும் நேரம் அது, பெட்டியின் சூடு அப்படியே வெளியே போய்விடும்.

இந்தக் கோடையில் அதே மாதிரி ஒரு மேகமில்லாத நாளில் நோட்டை மறுபடி எடுத்தேன். மாலை 5.30க்கு உட்கூரை 36. இரவு ஒன்பதுக்கு அறைக்காற்று 32.5, வெளியே 31. மேற்குச் சுவர் மட்டும் ஆறு மணிக்கு இன்னும் 39 காட்டுகிறது. அதற்கும் வெளிப்பக்கம் நிழல் கட்டும்வரை, துணி வெட்டும் மேஜையைக் கிழக்குச் சுவர் ஓரம் நகர்த்திப் போட்டிருக்கிறேன்.